காரணம் சொல்லாத கணக்கு: உள்ளாட்சிகளில் செயற்கை நுண்ணறிவும் நாமும்



எந்தத் தோழரின் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவரிடம் நாம் முதலில் கற்றுக்கொண்டது கவிதை அல்ல, மனு எழுதுவது. பட்டாவுக்கு மனு, சுடுகாட்டுப் பாதைக்கு மனு, முதியோர் உதவித்தொகைக்கு மனு. எழுதி முடித்துக் கையில் கொடுக்கும்போது அவர் சொல்வது ஒன்றுதான்: ரசீது வாங்காமல் வராதே. முடியாது என்று சொன்னால், ஏன் முடியாது என்பதை எழுத்தில் வாங்கு. அதிகாரி வாயால் சொன்ன மறுப்பு காற்றில் போய்விடும், காகிதத்தில் எழுதிய மறுப்பை நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம் என்பது அவர் கணக்கு.

இலக்கிய மேடையில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அதற்கான பதில் அந்த ரசீதில் இருக்கிறது. நாளை நம் மனுவைப் படிப்பதும், வரிசைப்படுத்துவதும், சந்தேகப்படுவதும் மனிதராக இல்லாமல் போகலாம். அப்போது காரணத்தை யாரிடம் எழுத்தில் வாங்குவது? நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதிய பதிவேடுகளுக்கு எதிராக எழுந்ததுதான் தலித் இலக்கியம். இப்போது புதிய பதிவேடு ஒன்று எழுதப்படுகிறது. அதை நாம் வாசிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று வேலைகள்

உலகெங்கும் உள்ளாட்சிகள் இந்தத் தொழில்நுட்பத்தை மூன்று வேலைகளுக்குப் பயன்படுத்துகின்றன. பேச்சையும் எழுத்தையும் கையாள்வது முதலாவது. கண்காணிப்பது இரண்டாவது. மனிதருக்கு மதிப்பெண் போடுவது மூன்றாவது.

முதல் வகை நம் ஊராட்சிகளுக்கே வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 14 அன்று ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் திரிபுராவில் 'சபாசார்' என்ற கருவியைத் தொடங்கியது. கிராம சபையின் ஒலி, ஒளிப்பதிவைக் கொடுத்தால் அது கூட்டக் குறிப்பை எழுதித் தரும். 'பாஷிணி' என்ற அரசு மொழித் தளத்தின் துணையோடு தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இயங்குகிறது. பெரிய நகரங்களில் குடிமக்களின் கேள்விக்குப் பதில் சொல்லும் உரையாடல் கருவிகளும் உண்டு. நியூயார்க் நகரம் அப்படி ஒன்றை வைத்தது. தொழிலாளர்களுக்கு வரும் டிப்ஸை முதலாளி எடுத்துக்கொள்ளலாம், அரசு வாடகை உதவி பெறுவோருக்கு வீடு மறுக்கலாம் என்று அது பதில் சொன்னதை 2024 மார்ச்சில் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். அங்கே இரண்டுமே சட்டவிரோதம். தவறான அந்தப் பதில்களால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். தொழிலாளிக்கும் வீடில்லாதவருக்கும்தான்.

இரண்டாவது வகை நம் உடல்மீதே வந்து உட்கார்ந்திருக்கிறது. சண்டிகரிலும் நாக்பூரிலும் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் பொருத்திய கடிகாரங்களைக் கட்டின. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது அலுவலகத் திரையில் தெரியும். சண்டிகரில் பணியாளர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். நூறு நாள் வேலையில் களத்தில் நிற்பவர்களைப் புகைப்படம் எடுத்துச் செயலியில் ஏற்றும் முறை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. முகத்தைக் காட்டி வருகை பதியும் முறையும் பல இடங்களில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. வேலை செய்தவர் முகத்தைச் செயலி ஏற்காவிட்டாலோ, சிக்னல் கிடைக்காவிட்டாலோ அன்றைய கூலிக்கு வழக்காட வேண்டியவர் தொழிலாளிதான்.

மூன்றாவது வகைதான் எல்லாவற்றிலும் ஆழமானது. அதைப் புரிந்துகொள்ள நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்துக்குப் போக வேண்டும்.

ராட்டர்டாமில் நடந்தது

துறைமுக நகரமான ராட்டர்டாமில் சுமார் 30,000 பேர் நகராட்சியின் வாழ்வாதார உதவித்தொகையை நம்பி இருந்தார்கள். யார் மோசடி செய்யக்கூடும் என்று கணிக்க 2017 முதல் 2021 வரை நகராட்சி ஓர் அல்காரிதத்தைப் பயன்படுத்தியது. ஒவ்வொருவரைப் பற்றியும் 315 விவரங்களை எடுத்துக்கொண்டு அது ஆபத்து மதிப்பெண் போட்டது. வயது, பாலினம், டச்சு மொழித் திறன், குழந்தைகள், குடும்ப உறவு, அலுவலர் கோப்பில் எழுதிய குறிப்பு என எல்லாமே அதில் அடக்கம். மதிப்பெண் உயர்ந்தால் விசாரணை வரும். வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும், வீட்டுக்கே ஆள் வரலாம், உதவித்தொகை நின்றும் போகலாம்.

இயந்திரம் இதை எப்படிக் கற்றது? அதற்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே விசாரிக்கப்பட்ட 12,707 பேரின் பழைய பதிவுகளைக் கொடுத்தார்கள். இன்னார் பிடிபட்டார், இன்னார் பிடிபடவில்லை என்று குறித்திருந்த பதிவுகள் அவை. பிடிபட்டவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று இயந்திரம் தேடியது. கிடைத்த ஒற்றுமைகளைப் புதிய ஆட்கள்மீது பொருத்திப் பார்த்தது. அவ்வளவுதான் வேலை.

இதில் இருக்கும் ஓட்டை நமக்கு உடனே தெரியும். போலீஸ் எந்தத் தெருவில் அதிகம் சோதனை போடுகிறதோ, அந்தத் தெருவில்தான் வழக்கும் அதிகம் இருக்கும். சோதனை போடாத தெருவில் குற்றமே இல்லை என்று ஏடு சொல்லும். அந்த ஏட்டை வைத்துப் பாடம் கற்ற இயந்திரம் மறுபடியும் அதே தெருவுக்குத்தான் போலீஸை அனுப்பும். அங்கே மறுபடியும் சிலர் பிடிபடுவார்கள். கணிப்பு சரியாக இருக்கிறது என்று அறிக்கை எழுதுவார்கள். பழைய தப்பெண்ணம் புதிய புள்ளிவிவரமாகத் திரும்பி வரும்.

ராட்டர்டாமிலும் இதுதான் நடந்தது. பெண்களுக்கும், குழந்தை வளர்ப்பவர்களுக்கும், டச்சு சரளமாகப் பேச வராதவர்களுக்கும் மதிப்பெண் ஏறியது. நகரத்தின் தணிக்கை மன்றம் 2021இல் கேள்வி எழுப்பிய பிறகு இயந்திரம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2023இல் பத்திரிகையாளர்கள் அந்த அல்காரிதத்தையே பெற்று ஆராய்ந்து உலகத்துக்குக் காட்டினார்கள். அதுவரை, தன் வீட்டுக் கதவை ஏன் தட்டினார்கள் என்ற காரணம் தட்டப்பட்டவருக்குத் தெரியாது.

சாதியை எழுதாவிட்டாலும் சாதி தெரியும்

நம் நாட்டில் சாதி என்ற கட்டத்தை எடுத்துவிட்டுத் தரவைக் கொடுத்தால் போதாதா என்று நல்லெண்ணம் கொண்டவர்களும் கேட்கிறார்கள். போதாது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அந்தச் சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் எடுக்கிறோம் என்றது. நாம் அதை வரவேற்றோம். பலகையில் எழுதியிருந்த இழிவு போகிறது. ஆனால் இயந்திரம் பலகையைப் படிப்பதில்லை. வீட்டின் இருப்பிடத்தை, வார்டு எண்ணை, தகப்பன் பெயரை, படித்த பள்ளியை, வேலையை, தண்ணீர் இணைப்பு இருக்கிறதா என்பதைப் படிக்கிறது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில் வீடு எங்கே இருக்கிறது என்று சொன்னாலே சாதியைச் சொன்ன மாதிரிதான். பெயர்ப்பலகை மாறிய பிறகும் தெரு அதே இடத்தில்தான் இருக்கிறது.

பிறப்பை வைத்து ஒருவர் நாளை என்ன செய்வார் என்று கணிப்பதும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குற்றம் செய்தாரா என்ற கேள்வியே அதில் இல்லை. எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்பதே போதுமான ஆபத்து மதிப்பெண். பெயர் ஏட்டில் ஏறியது, கைரேகை ஏறியது, காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டியிருந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டபோது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிய 1952 ஆனது. அதற்கும் வெகுகாலம் முன்பே, பிறந்த அன்றே ஒருவரின் வேலையையும் இடத்தையும் கூலியையும் கணித்து முடித்த ஏற்பாடு சாதி. ஆகவே ஆபத்து மதிப்பெண் என்று யாராவது விளக்க வந்தால் நமக்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

ஆம்ஸ்டர்டாம் கற்ற பாடம்

இயந்திரத்தைத் திருத்தி நல்லதாக்க முடியாதா? ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அதை நேர்மையாகவே முயன்று பார்த்தது. உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கப் புதிய அல்காரிதம் ஒன்றை உருவாக்கியது. பாலினத்தையும் குடியுரிமையையும் நேரடியாகச் சேர்க்கவில்லை. வல்லுநர்களை வைத்துச் சோதித்தது. முதல் சோதனையில் டச்சுக் குடியுரிமை இல்லாதவர்களை அது அதிகம் சந்தேகப்பட்டது. தரவின் எடையை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். 2023இல் உண்மையான விண்ணப்பங்களில் ஓட்டிப் பார்த்தபோது பாகுபாடு வேறு வடிவில் வந்தது. இம்முறை டச்சுக் குடிமக்களும் பெண்களும் தவறாகச் சந்தேகிக்கப்பட்டார்கள். மனித அலுவலர்களைவிட அது சிறப்பாக வேலை செய்யவும் இல்லை. நகராட்சி திட்டத்தைக் கைவிட்டது.

இந்தக் கதையில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் வேறு. உதவித்தொகை பெறுவோரும் அவர்களுக்காகப் பேசுவோரும் அடங்கிய ஆலோசனைக் குழு அந்த நகரத்தில் உண்டு. அந்தக் குழு ஆரம்பத்திலேயே எதிர்த்தது. சந்தேகம் சரியான அளவில் பங்கிடப்படுகிறதா என்று நகராட்சி கேட்டுக்கொண்டிருந்தது. ஏழையை ஏன் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்று குழு கேட்டது. வல்லுநர்கள் பல ஆண்டுகள் செலவிட்டு வந்து சேர்ந்த இடத்துக்குப் பாதிக்கப்படுகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே வந்துவிட்டார்கள்.

நாம் இயந்திரத்துக்கு எதிரி அல்ல

இதையெல்லாம் கேட்டு, இயந்திரமே வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இயந்திரத்தைத் தூற்றிக் கிராமத்துக்குத் திரும்பச் சொன்ன சிந்தனையை அண்ணல் அம்பேத்கர் கடுமையாக மறுத்தவர். மனிதருக்கு ஓய்வும் பண்பாடும் வேண்டுமானால் உழைப்பின் சுமையை இயந்திரம் ஏற்க வேண்டும், தவறு இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலரே எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். அதில் நாம் இன்றும் நிற்கிறோம்.

கேரள இளைஞர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' ரோபோ கும்பகோணம் நகராட்சிக்கு வந்தபோது நாம் மகிழ்ந்தோம். பாதாளச் சாக்கடைக்குள் மனிதருக்குப் பதில் இயந்திரம் இறங்குவதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்? கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு ஏறுகிறது, சாவு நிற்கவில்லை.

இங்கேதான் நம் கேள்வி. துப்புரவுத் தொழிலாளி எத்தனை நிமிடம் டீக்கடையில் நின்றார் என்று அளக்கக் கடிகாரம் வாங்க நகராட்சியிடம் பணம் இருக்கிறது. குழிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று அளந்து, மூடியைத் திறக்கும் முன்பே எச்சரிக்கும் கருவி ஏன் ஒவ்வொரு வண்டியிலும் இல்லை? ஒப்பந்ததாரர் கையுறை கொடுத்தாரா, வருங்கால வைப்பு நிதி கட்டினாரா, மனிதரை உள்ளே இறக்கினாரா என்று கண்காணிக்கும் அல்காரிதத்தை ஏன் யாரும் எழுதவில்லை? அதே தொழில்நுட்பம், அதே செலவு. கண் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் அரசியல்.

கட்டுப்படுத்த முடியும்

இது தடுக்க முடியாத வெள்ளம், நாம் என்ன செய்ய முடியும் என்ற சோர்வும் தேவையில்லை. உள்ளாட்சிகளே இதைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன.

2019 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் தன் துறைகள் முகமறியும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தத் தடை போட்டது. 2020 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமும் ஹெல்சிங்கியும் அல்காரிதப் பதிவேடு திறந்தன. நகராட்சி எந்த இயந்திரத்தை எதற்குப் பயன்படுத்துகிறது, என்ன தரவு போகிறது, மனிதர் எந்த இடத்தில் சரிபார்க்கிறார் என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஏழைக் குடியிருப்புகளில் பல துறைகளின் தரவுகளைச் சேர்த்து மோசடியைத் தேடிய 'சிரி' என்ற நெதர்லாந்து அரசுத் திட்டத்தை 2020 பிப்ரவரி 5 அன்று தி ஹேக் நீதிமன்றம் செல்லாது என்றது. அது எப்படி முடிவெடுக்கிறது என்று யாராலும் சரிபார்க்க முடியவில்லை, தனிவாழ்வு உரிமையை மீறுகிறது என்பது தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு தொழிற்சங்கமும் இருந்தது.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் சியாட்டில். 2017இல் அந்த நகர மன்றம், கண்காணிப்புக் கருவி எதையும் மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் துறைகள் வாங்கக் கூடாது என்று சட்டம் செய்தது. அதே மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகர மன்றமானது. அதே ஆண்டு நவம்பரில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவை அலுவலர்கள் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையையும் அந்த நகரம் வெளியிட்டது. ஒரு கருவி சாதியால் பாகுபடுத்துகிறதா என்று கேட்பதற்கான சட்ட அடிப்படை இன்று சியாட்டிலில் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்த நம் நாட்டில், எந்த நகராட்சி டெண்டரிலாவது அந்தக் கேள்வியை நாம் பார்த்திருக்கிறோமா?

ஆயுதம் நம் கையிலும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, நெறிமுறை சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. மக்கள் பயன்பாட்டுக்கு விடும் முன் பன்மைத்துவம், சமத்துவம், தணிக்கை முதலியவற்றுக்கு மதிப்பெண் அட்டை போட வேண்டும் என்கிறது அது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தை அரசு அலுவலகமே தெரிவிக்க வேண்டும் என்கிறது. முடிவை இயந்திரம் எடுத்தால் காரணம் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

மன்றத்தில் யார் இருக்கிறார்கள்

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. உள்ளாட்சி கட்டுப்படுத்தும் என்று சொல்லும்போது, அந்த உள்ளாட்சி யாருடையது என்ற கேள்வி நமக்கு உண்டு. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அண்ணல் எச்சரித்தது நமக்குத் தெரியும். 1992இன் 73, 74ஆம் திருத்தங்கள் இட ஒதுக்கீட்டைத் தந்த பிறகும், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. நாற்காலி கிடைத்தும் உட்கார முடியாத தலைவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த மன்றத்துக்குள்தான் கூட்டக் குறிப்பு எழுதும் இயந்திரம் வருகிறது. நம் பெண்கள் பின்வரிசையிலிருந்து, தங்கள் பேச்சு வழக்கில், ஒருவர்மேல் ஒருவர் குரல் கொடுத்துத் தண்ணீர் கேட்பார்கள். முன்வரிசையில் மைக் பிடித்தவர் பேசுவது தெளிவாகப் பதியும். இயந்திரம் சுருக்கும்போது எது மிஞ்சும்? செயலாளர் நம் பேச்சை விட்டுவிட்டால் சண்டை போடலாம். இயந்திரம் விட்டுவிட்டால், அது பாகுபாடு பார்க்காது என்று பதில் வரும். அதே பதிவு நம் கையில் கிடைத்தால் நிலைமை தலைகீழாகும். நாம் கேட்டது ஒலியாகவே சாட்சி சொல்லும். ஆக, பதிவு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஆகவே ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கூடும் கிராம சபைகளிலும், நகரங்களின் வார்டு கூட்டங்களிலும் நாம் கேட்க வேண்டியவை இவை.

இந்த உள்ளாட்சி எந்தெந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறது? பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்.

எந்தப் பழைய ஏட்டிலிருந்து அது கற்றது? அந்த ஏட்டை எழுதியவர் யார்?

நம் தெருவுக்கும் மற்றத் தெருவுக்கும் அதன் முடிவுகள் எப்படி வேறுபடுகின்றன? வாங்கும் முன்பும், ஆண்டுக்கு ஒருமுறையும் சோதித்துக் காட்டுங்கள்.

கருவி தவறினால் அன்றைய கூலியும் அரிசியும் நிற்காது என்று எழுதித் தருவீர்களா? முடிவை மாற்றும் அதிகாரமுள்ள மனிதர் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்?

கூட்டத்தின் முழுப் பதிவும், இயந்திரம் எழுதிய குறிப்பும் நமக்குக் கிடைக்குமா? அதைத் திருத்தச் சொல்லும் உரிமை நமக்கு உண்டா?

இவற்றைக் கேட்கக் கணினி படித்திருக்கத் தேவையில்லை. இந்தக் கேள்விகளை நம் தோழர் ஐம்பது பைசா மனுத்தாளில் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே இருந்தது அப்போது கிராம அதிகாரியின் ஏடு, இப்போது திரை. ஏட்டின் முன்னால் குனியாமல் நின்ற மாதிரியே திரையின் முன்னாலும் நிற்போம். காரணத்தை எழுத்தில் வாங்குவோம். ரசீது வாங்காமல் திரும்ப மாட்டோம்.

ஜெய்பீம்.